அசைவுக்கும் ஓர் அளவு உண்டு



சென்ற மாதம் ஒரு மாலை நேரம். லயத்து இஸ்தோப்பில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னுடைய வழக்கமான பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். பெரிய பயிற்சி ஒன்றுமில்லை. கையால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, மெதுவாக உட்காருவது, மீண்டும் எழுவது. அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மதினி மலையிலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. வாசலில் நின்று சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்:

“ஏ புள்ள, நாள் முழுக்க மலையில ஏறி எறங்குற எனக்கு இடுப்பு ஒடியுது. வீட்டுல உக்காந்து உக்காந்து எந்திரிக்கிற ஒனக்கு கால் தேறுது. இது என்னா நாயம்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவு அவருடைய இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டபோதுதான் அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது. விளையாட்டு மருத்துவம், உடற்பயிற்சி விஞ்ஞானம் என்றெல்லாம் படித்தவர்கள் பல வருடங்களாக ஆராய்கிற கேள்வியும் அதுதான். இந்த மாதம் மதினியின் கேள்விக்குத்தான் பதில் எழுதப் போகிறேன்.

என் காலின் கதை

புதிதாக இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். என் அப்பாவும் அம்மாவும் கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் வளர்ந்தது, கல்யாணம் முடித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் வன்னியில்தான். 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் ஷெல் துண்டு ஒன்று என் இடது தொடையில் பாய்ந்தது. மகள் என் கையில் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய அப்பா எங்களோடு வந்து சேரவில்லை.

முகாமிலிருந்து வெளியே வந்தபோது போக வேறு இடம் இல்லை. 2010 இல் தாய் மாமா வந்து எங்களைத் தோட்டத்துக்கே கூட்டி வந்தார். அவருடைய மூத்த மகள்தான் இந்த மதினி. வன்னியில் மச்சாள் என்று கூப்பிடுவோம், இங்கே மதினி.

காயம் ஆறியிருந்தது. ஆனால் “இனி இந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காதே, பத்திரமாக வைத்துக்கொள்” என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கும் மேலாகக் காம்பராவின் மூலையில் காலை நீட்டியபடியே இருந்தேன். தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்கு மதினியின் மகள்தான் போவாள். எனக்குக் குளிக்க வார்ப்பதும் அவள்தான். ஒரு நாள் அவள் சலித்துக்கொண்டு வாளியை நிலத்தில் வைத்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவள்மேல் பிழை இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, பாடசாலை விட்டு வந்து எத்தனை வாளி சுமப்பாள்?

2011 இல் கண்டியில் ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே இயன்மருத்துவர், நாங்கள் பிசியோ மிஸ் என்று சொல்கிறவர், ஒரு அளவு நாடாவை எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை ஐந்து சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது. அவர் சிங்களப் பிள்ளை. தெரிந்த தமிழில் கேட்டார்: “அக்கா, இந்தக் கால் நல்லா வந்தா என்ன செய்ய ஆசை?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “பீலியில இருந்து ஒரு வாளி தண்ணி நானே கொண்டு வரணும் மிஸ்” என்றேன். அவர் அதை அப்படியே என் அட்டையில் எழுதிக்கொண்டார். “அப்ப அதுக்குத்தான் வைத்தியம்” என்றார்.

முதல் கிழமை கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க மட்டும் சொன்னார். பிறகு கணுக்காலில் அரைக் கிலோ அரிசியைப் பையில் கட்டி நீட்டச் சொன்னார். பத்துத் தடவை, சிறிது ஓய்வு, மீண்டும் பத்து, மீண்டும் ஓய்வு, மீண்டும் பத்து. அது சுலபமானதும் ஒரு கிலோ. பிறகு ஒன்றரை. நோகும்போது நான் பயந்து நிறுத்துவேன். அவர் சொல்வார்: “கொஞ்சம் நோகலாம் அக்கா. நாளைக்குக் காலையில நேத்தையவிடக் கூட நோகக் கூடாது. அதுதான் கணக்கு.” இந்தக் கணக்கை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பவும் சொல்வேன்.

யுத்தத்தில் பிறந்த வைத்தியம்

அந்த ‘பத்துத் தடவை’ எங்கிருந்து வந்தது என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு அதே மிஸ் எனக்குச் சொன்னார். இன்றும் புதிய ஆய்வுகள் வந்தால் எளிமையாக விளங்கப்படுத்துகிறவர் அவர்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இருந்த இராணுவ வைத்தியசாலையில் முழங்கால் உடைந்த படைவீரர்கள் நிறைந்திருந்தார்கள். அக்காலத்து வைத்தியம் ஓய்வு, அல்லது மிக இலேசான அசைவு. மாதக்கணக்கில் குணமாகவில்லை. அங்கே இருந்த தோமஸ் டிலோர்ம் என்ற இளம் வைத்தியர் சிறு வயதில் வாதக் காய்ச்சலில் படுத்தவர். பாரம் தூக்கித்தான் தன் உடலைத் தேற்றியவர். அவர் வீரர்களின் காலில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, தாங்கக்கூடிய பாரத்தைப் பத்துத் தடவை தூக்க வைத்தார். தேறத் தேறப் பாரத்தைக் கூட்டினார். மெலிந்த தொடைகள் தடித்தன. 1945 இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் உடற்பயிற்சிக் கூடங்களில் ‘பத்துத் தடவை, மூன்று முறை’ என்று செய்கிறார்களே, அது காயப்பட்டவர்களின் கட்டில்களிலிருந்து போனதுதான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில், ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில், லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முள்ளந்தண்டு அடிபட்டவர்களைப் பார்த்து வந்தார். அப்படிப்பட்டவர்கள் அதிக நாள் வாழமாட்டார்கள் என்று கைவிட்ட காலம் அது. அவர் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 ஆம் திகதி பதினாறு பேர் அம்பு எய்யும் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுதான்.

ஆகவே சகோதரிகளே, விளையாட்டு மருத்துவம் என்றால் மைதானத்தில் ஓடுகிறவர்களுக்கும் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கும் மட்டும் உரிய ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பாதி வேர் எங்களைப் போன்றவர்களிடம் இருக்கிறது.

ஓய்வு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்க வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் திரும்பச் சோதித்தார்கள். உழைக்கும் சக்தியை முப்பது வருட முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று கிழமைப் படுக்கை கூடுதலாகக் குறைத்திருந்தது. மூன்று கிழமைக்கே அப்படியென்றால், நான் மூலையில் இருந்த ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் மதினிக்கு ஏன் நோகிறது?

அசைவு நல்லது என்றால், நாள் முழுக்க அசைகிற மதினியல்லவா எல்லாரையும்விட ஆரோக்கியமாக இருக்கவேண்டும்? இதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் பார்த்துத் திகைத்தார்கள்.

டென்மார்க்கில் அந்திரேயாஸ் ஹோல்ரர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு இலட்சத்து நாலாயிரம் பேருடைய விபரங்களை ஏறத்தாழப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் தம் விருப்பத்துக்கு நடந்து, ஓடி, விளையாடியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவு. ஆனால் வேலையில் உடல் வருந்தி உழைத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது.

ஏன்? அவர்கள் சொல்லும் காரணங்களை எங்கள் மலையோடு வைத்துப் பார்த்தேன். பயிற்சி என்பது சிறிது நேரம் உடலை நன்றாக வருத்தி, பிறகு தேறுவதற்கு நேரம் கொடுப்பது. கொழுந்து பறிப்பது மணிக்கணக்கில் ஒரே தசைக்கு, ஒரே பக்கம் குனிந்து, ஓய்வில்லாமல். களைத்தால் நிறுத்த முடியாது, பேர் விழவேண்டும். தலைக்கயிற்றில் பாரம் தொங்கும். மழைக்கு வழுக்கும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, தண்ணீர், விறகு. உடல் தேறுகிற நேரம் எங்கே? பயிற்சியில் பாரத்தின் அளவை நான் தீர்மானிக்கிறேன். வேலையில் அதை வேறொருவர் தீர்மானிக்கிறார். மதினிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதை வாசித்துவிட்டு ‘பிழை எங்களுடையது’ என்று யாரும் எண்ணவேண்டாம். வேலையை நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். செய்யக்கூடியது சில உண்டு. பை நிறையும்வரை காத்திராமல் முடிந்தால் இடையில் ஒருமுறை இறக்கி வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பின் பின்னால் வைத்து, பின்பக்கமாக ஐந்து முறை மெதுவாக வளையுங்கள். நாள் முழுக்க முன்னால் குனிந்த முதுகுக்கு எதிர்ப்பக்க அசைவு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தவர்கள் பாரம் திடீரென்று கூடுகிற கிழமைகளைக் கவனிக்கச் சொல்கிறார்கள். பழகிய அளவு எவ்வளவானாலும் உடல் பெரும்பாலும் தாங்கும். திடீரென்று இரண்டு மடங்கானால்தான் உடைகிறது. பிள்ளைப்பேறு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் கிழமை, காய்ச்சலில் படுத்தெழுந்த முதல் நாள், கொழுந்து பொங்கும் மாதம் ஆகிய வேளைகளில்தான் எங்கள் பெண்களுக்கு இடுப்புப் பிடிக்கிறது. அந்த நாட்களில் வீட்டுச் சுமையையாவது மற்றவர்கள் பங்குபோடவேண்டும். இதை வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மாறிவிட்ட ஆலோசனைகள்

கால் சுளுக்கினால் ஓய்வு, ஐஸ், கட்டுப்போடு, உயர்த்தி வை என்று பாடசாலையில் முதலுதவிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதை 1978 இல் எழுதிப் பரப்பியவர் கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர். அவரே 2014 இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இப்போது சொல்லப்படுவது இதுதான்: முதல் ஒன்று முதல் மூன்று நாள்வரை காலைப் பாதுகாத்து, கட்டுப்போட்டு, தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். அந்த நாட்களில் எண்ணெய் பூசி அழுத்தி உருவவேண்டாம். பிறகு தாங்கக்கூடிய அளவில் காலை ஊன்றத் தொடங்குங்கள். லயத்தில் ஐஸ் இல்லையே என்று இனிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் இது சுளுக்கா, முறிவா என்று பார்க்கவேண்டும். அடிபட்ட காலில் நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் மொளியின் பின்பக்க எலும்பை அழுத்தும்போது நொந்தால், எக்ஸ்ரே எடுக்கவேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரில் 1992 இல் வகுத்த விதி இது. உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள்.

குதிகாலுக்கு மேலுள்ள நரம்பு, அதாவது தசைநார், நொந்து கொண்டேயிருக்கும் சிலருக்கு. சுவீடன் நாட்டில் ஹகன் அல்பிரெட்சன் என்ற வைத்தியருக்கே அந்த நோ இருந்தது. சத்திரசிகிச்சை செய்யும்படி தம் மேலதிகாரியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். ‘அப்படியானால் இது அறுந்தே போகட்டும், பிறகு செய்துதானே ஆகவேண்டும்’ என்று கோபத்தில் அந்தக் காலுக்கே பாரம் கொடுத்துக் கொடுத்துப் பயிற்சி செய்தார். அறுவதற்குப் பதிலாக நோ குறைந்துவிட்டது! பிறகு 15 ஓட்டக்காரர்களைப் பன்னிரண்டு கிழமை அதே முறையில் பயிற்சி செய்ய வைத்து, 1998 இல் முடிவை வெளியிட்டார். படியின் விளிம்பில் நின்று குதியை மெதுவாகக் கீழே இறக்கும் அந்தப் பயிற்சியை இன்று கண்டியிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் எட்டு நடக்கவேண்டும்’ என்று கேட்டிருப்பீர்கள். அந்த எண் ஆய்வில் பிறந்ததல்ல. 1965 அளவில் ஜப்பானில் எட்டு எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. 2019 இல் ஐ-மின் லீ என்ற பெண் ஆராய்ச்சியாளர், சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களைப் பார்த்ததில், நாளொன்றுக்கு 2,700 எட்டு நடந்தவர்களைவிட 4,400 எட்டு நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 க்கு மேல் கூடுதல் பலன் அதிகம் தெரியவில்லை. நொண்டி நடக்கிற எனக்கு இதை வாசித்தபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்கும் சற்றுக் கூட வரும். முழுச் சுற்று என்னால் இன்றும் ஒரே மூச்சில் முடியாது. பாதி நடந்து, மதில் ஓரம் சற்று இருந்து, மீதி நடப்பேன். அதுவும் கணக்கில் சேரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. முன்பு ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றார்கள். அதை நீக்கிவிட்டார்கள். அத்துடன் முதல் தடவையாக, அங்கவீனத்துடன் வாழ்கிறவர்களுக்கும் தனியாக ஆலோசனை சேர்த்திருக்கிறார்கள். ‘உங்களால் முடியாது’ என்று அதில் இல்லை. ‘சிறிதாவது அசைவது ஒன்றும் அசையாமல் இருப்பதைவிட மேல்’ என்றே இருக்கிறது.

‘வயது போய்விட்டது’ என்கிற அம்மாமாருக்கு ஒரு செய்தி. 1990 இல் அமெரிக்காவில் மரியா பியாட்டரோன் என்ற வைத்தியர் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டுக் கிழமை கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அமெரிக்காவை விடுங்கள். முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், 2023 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்று வந்தாரே!

சிலருக்குத் தனியாக

செயற்கைக்கால் போட்டிருக்கும் சகோதரிகளே, நீங்கள் நடக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் மற்றவர்களைவிடக் கூடுதலான சக்தி செலவாகிறது. களைப்பு வருவது சோம்பலால் அல்ல. மற்றக் காலே எல்லாப் பாரத்தையும் தாங்குவதால், நல்ல காலின் முழங்கால் விரைவில் தேயக்கூடும். ஆகவே நல்ல காலுக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி வேண்டும். தண்டில் சிவப்போ புண்ணோ கண்டால் அன்று காலைப் போடாமல், உறை சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டுங்கள்.

உடலுக்குள் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறவர்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அதைச் சொல்லுங்கள். அது காந்தத்தால் இயங்கும் கருவி. உலோகம் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

மனம் கனத்துக் கிடக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 இல் 218 ஆய்வுகளை, 14,170 பேருடைய விபரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நடை, மெல்லோட்டம், யோகாசனம், தசைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன என்று கண்டார்கள். மருந்து எடுக்கிறவர்கள் அதை நிறுத்தவேண்டாம். மருந்தோடு இதையும் சேருங்கள். தை மாதமும் மாசி மாதமும் வந்தால் எனக்குப் படுக்கையைவிட்டு எழ மனம் வராது. அந்த நாட்களில் பத்து நிமிடமாவது வெளியே நடந்துவிடுவேன். துக்கம் போய்விடாது. ஆனால் பிள்ளைக்குச் சோறு போட்டுக் கொடுக்கிற அளவுக்கு மூச்சு வரும்.

எங்கே கேட்பது?

இந்தத் துறையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு ‘விளையாட்டு மருத்துவம்’ என்றார்கள். இப்போது ‘விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி மருத்துவம்’ என்கிறார்கள். 2005 இல் பிரித்தானியா அந்தப் பெயரில் அதைத் தனி நிபுணத்துவமாக ஏற்றுக்கொண்டது. அந்த ‘உடற்பயிற்சி’ என்ற சொல் எங்களுக்காகச் சேர்ந்தது. சாதாரண நோயாளிக்கும் மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல அசைவை அளந்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

எங்கள் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. கலஹா பஸ்ஸில் கண்டிக்குப் போகும்போது அந்தப் பிள்ளைகள் புத்தகத்தோடு ஏறுவதைப் பார்ப்பேன். திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்கத்தின் பெரிய வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு உண்டு, பணம் கொடுக்கத் தேவையில்லை. கிளினிக்கில் வைத்தியரிடம், “என்னைப் பிசியோவுக்கு அனுப்புவீர்களா?” என்று நீங்களே கேளுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். நான் கேட்காமல் இருந்ததால் ஒரு வருடத்தை இழந்தேன்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 2014 முதல் 2020 வரை வெளிவந்த 5,261 விளையாட்டு விஞ்ஞான ஆய்வுகளை 2021 இல் எண்ணிப் பார்த்தார்கள். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை நூற்றுக்கு 6. ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை நூற்றுக்கு 31. எங்களைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் பெண்பிள்ளைகள் யாராவது உயிரியல் படித்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய நான்கு

கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

ஒன்று, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் முதலில் கை ஊன்றியே செய்யுங்கள். பத்துத் தடவை.

இரண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி நின்று மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை.

மூன்று, சுவரிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். பத்துத் தடவை.

நான்கு, ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, முழங்கையை மடக்கித் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு கைக்கும் பத்து. பாரம் கூடினால் பாதி நிரப்புங்கள்.

மூச்சை அடக்கவேண்டாம். செய்யும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் சரியான வேகம். நாளை காலை நோ நேற்றையதைவிடக் கூடியிருந்தால் அளவு அதிகம், குறையுங்கள். கூடாவிட்டால் அடுத்த கிழமை சிறிது கூட்டுங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று, மூச்சு முட்டல் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆறாத புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

என் வாளியின் கதையை முடிக்கவில்லையே. எட்டாவது மாதம், பீலிக்கரையிலிருந்து அரை வாளி தண்ணீர் கொண்டு வந்தேன். படியில் பாதி சிந்திவிட்டது. மதினியின் மகள் ஓடி வந்து வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் முழு வாளி. என் முழங்கால் இன்றும் முழுதாக மடங்காது. சப்பாணி கட்டி உட்கார முடியாது, ஓடவும் முடியாது. ஆனால் பதினான்கு வருடமாக என் தண்ணீரை நான் எடுக்கிறேன்.

மதினியின் கேள்விக்கு இந்தப் பதிலை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எனக்கும் அளவு வேணும்னு தொரைகிட்ட போய்ச் சொல்லு” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இடையில் ஒரு தடவை பையை இறக்கி வைக்கிறாராம். மலையில் பக்கத்தில் நிற்கிறவர்களும் அவரோடு சேர்ந்து பின்னால் வளைகிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் இன்னொரு நாற்காலியும் வந்து சேர்ந்தது.

உங்கள் உடம்பில் எந்த அசைவு உங்களுக்குத் திரும்ப வேண்டும்? வாளியா, படியா, பிள்ளையைத் தூக்குவதா? ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் அதிலிருந்தே தொடங்குவோம்.